40 கிராம் வெள்ளி, வீட்டில் நாலு பதில்

கேள்வி: செவ்வாய்ப்பேட்டையில் சின்னதாகக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறோம். வியாபாரியிடம் வெள்ளியை எடை போட்டு வாங்கிவந்து, கொலுசாக்கி, சேதாரம் கழித்துத் திருப்பிக் கொடுத்துக் கூலி வாங்குகிற தொழில். போன மாதம் வந்த வெள்ளி, சீட்டில் எழுதியதைவிட 40 கிராம் கூடுதலாக இருந்தது. என் கணவர் அன்றே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். எட்டாவது படிக்கும் மகன் விடவில்லை. "அவங்க எடை குறைச்சுப் போட்டப்ப எத்தனை தடவை திருப்பித் தந்தாங்க? தானா வந்ததை ஏன் குடுக்கணும்?" என்கிறான். 6 வயது மகள், "வச்சுக்கிட்டா போலீஸ் புடிச்சுக்கும்" என்றாள். மாமியார், "சாமி பாத்துக்கிட்டுதான் இருக்குது" என்றார். கணவர், "பேரு கெட்டா நாளைக்கு எவன் வெள்ளி குடுப்பான்?" என்றார். எனக்கு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. இதில் எது சரி? நல்லது கெட்டதைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லித் தருவது? மகன் போகிற போக்கு பயமாக இருக்கிறது.
– ஒரு வாசகி, சேலம்

பதில்: சகோதரி, மகனைப் பற்றிய பயத்தை முதலில் இறக்கி வையுங்கள். அப்பா திருப்பிக் கொடுத்ததை அவன் தடுக்கவில்லை. காரணம் கேட்டான். அவனுக்கு வீட்டில் மூன்று காரணங்கள் கிடைத்தன, அவன் கேட்டதற்கு மட்டும் பதில் கிடைக்கவில்லை. அதனால்தான் அவன் விடாமல் கேட்கிறான்.

சின்னவளிடமிருந்து தொடங்குவோம். அவள் சொன்னது அவள் வயதுக்குரிய பேச்சு. ழான் பியாஜே என்ற சுவிட்சர்லாந்து உளவியலாளர், குழந்தைகள் நல்லது கெட்டதை எப்படி எடைபோடுகிறார்கள் என்று ஆராய்ந்து 1932இல் நூலாக வெளியிட்டார். அவர் குழந்தைகளிடம் இரண்டு கதைகளைச் சொன்னார். சாப்பிடக் கூப்பிட்டார்கள் என்று ஒரு பையன் கதவைத் திறக்கிறான். பின்னால் கோப்பைகள் இருப்பது அவனுக்குத் தெரியாது, 15 கோப்பைகள் உடைந்துவிடுகின்றன. இன்னொருவன் அம்மா வெளியே போன சமயம் பார்த்து, அலமாரியில் இருக்கும் ஜாமை எடுக்க ஏறி ஒரே ஒரு கோப்பையை உடைக்கிறான். யார் செய்தது பெரிய தப்பு? சின்னக் குழந்தைகள் பலர் 15 உடைத்தவனைக் காட்டினார்கள். பத்து வயதை நெருங்குகிறவர்கள், "அவன் வேணும்னு செய்யலையே" என்றார்கள். எத்தனை உடைந்தது, எவ்வளவு அடி விழும் என்பதிலிருந்து, எதற்காகச் செய்தான் என்பதற்குக் கண் மாறுகிறது.

அதற்காகச் சின்னவளுக்குத் தண்டனை ஒன்றுதான் புரியும் என்று நினைத்துவிட வேண்டாம். எலியட் டூரியல் என்ற உளவியலாளரும் அவருக்குப் பின் வந்தவர்களும் செய்த ஆய்வுகளில், பள்ளிக்கூட வயதை எட்டாத குழந்தைகளே இரண்டு வகை விதிகளைப் பிரித்துப் பார்த்தார்கள். இந்த இடத்தில்தான் உட்கார வேண்டும் என்பது போன்ற விதியை டீச்சர் மாற்றினால் மாற்றிக்கொள்ளலாம். பக்கத்துப் பிள்ளையை அடிப்பது, டீச்சரே அனுமதித்தாலும் தப்புத்தான், ஏனென்றால் அவனுக்கு வலிக்கும். ஆகவே அவளிடம், "போலீஸே இல்லாத ஊரா இருந்தா வச்சுக்கலாமா?" என்று கேட்டுப் பாருங்கள். "அந்த மாமா பாவம்ல" என்பது போல ஏதாவது வந்தால் அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். வராவிட்டால் நீங்களே சொல்லுங்கள். சோறு ஊட்டும்போது போலீஸைக் காட்டி மிரட்டுகிற பழக்கம் வீட்டில் இருந்தால் அதை நிறுத்துவது நல்லது. போலீஸ்தான் காரணம் என்று பதிந்துவிட்டால், போலீஸ் இல்லாத இடத்தில் காரணமும் இல்லாமல் போகும்.

மகனுக்கு வருவோம். அமெரிக்க உளவியலாளர் லாரன்ஸ் கோல்பர்க் 1958இல் முடித்த தம் முனைவர் ஆய்வுக்காகச் சிகாகோ பகுதியில் 10, 13, 16 வயதுப் பையன்கள் 72 பேரிடம் பேசினார். மனைவி சாகக் கிடக்கிறாள், மருந்துக்காரர் அடக்க விலையைப்போல் பத்து மடங்கு கேட்கிறார், புருஷனிடம் பாதிப் பணம்தான் இருக்கிறது. அவன் மருந்தைத் திருடலாமா? திருடலாம், கூடாது என்ற விடையைக் கோல்பர்க் எடைபோடவில்லை. "ஏன்?" என்றதற்கு வந்த காரணத்தைத்தான் பார்த்தார். அந்தக் காரணங்களை மூன்று நிலைகளாக, நிலைக்கு இரண்டு வீதம் ஆறு படிகளாக வரிசைப்படுத்தினார். அடி விழும் என்பது முதல் படி. எனக்கு நீ செய்தால் உனக்கு நான் என்பது இரண்டாவது. நாலு பேர் நல்லவன் என்று சொல்ல வேண்டும் என்பது மூன்றாவது. சட்டமும் ஒழுங்கும் இல்லாவிட்டால் ஊர் நடக்காது என்பது நான்காவது. எல்லாருடைய உரிமைக்காகவும் நாம் செய்துகொண்ட ஒப்பந்தமே சட்டம், அது நியாயமில்லாவிட்டால் மாற்றலாம் என்பது ஐந்தாவது. யாருக்கும் எங்கும் பொருந்தும் நியாயம் ஆறாவது. அதே பையன்களை 20 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தபோது, வளர்ந்தபின் பெரும்பாலோர் மூன்று, நான்கிலேயே இருந்தார்கள். ஐந்தாவது அபூர்வம். ஆறாவதைத் தனியாக அளக்க முடியாமல் மதிப்பெண் முறையிலிருந்தே எடுத்துவிட்டார்கள்.

இந்த விஷயத்தில் உங்கள் மகன் பேசுவது இரண்டாம் படியின் பேச்சு. மகனுக்கு எண் போட்டுவிடாதீர்கள். வெள்ளி விஷயத்தில் இரண்டாம் படியில் பேசுகிறவன், கூட்டாளி ஒருவனுக்கு ஆபத்து என்றால் இன்னும் மேலே போய்ப் பேசுவான். இன்னொன்றும் இருக்கிறது. "அவங்க குறைச்சுப் போட்டப்ப?" என்ற அவன் கேள்வியில் அநியாயத்தைக் கண்டு கொதிக்கிற மனம் இருக்கிறது. நேர்மை பேசி அதை அடக்கினால், நேர்மை என்றால் ஏமாறுகிறவன் வாயை மூடிக்கொண்டிருப்பது என்று அவன் புரிந்துகொள்வான்.

கணவர் சொன்னதில் ஒரு ஓட்டை இருப்பதை அவன் பார்த்துவிட்டான் என்று நினைக்கிறேன். 1785இல் ஜெர்மன் தத்துவ அறிஞர் இம்மானுவேல் கான்ட் தம் அறவியல் நூலில் கிட்டத்தட்ட உங்கள் தெருக் கதையையே எழுதினார். ஒரு கடைக்காரர், விவரம் தெரியாதவர் வந்தாலும் குழந்தை வந்தாலும் ஒரே விலைதான் சொல்கிறார். செய்வது சரி. ஆனால் வியாபாரம் கெடாமல் இருக்கத்தான் அப்படிச் செய்கிறார் என்றால், அதில் நேர்மைக்கென்று தனி மதிப்பு இல்லை என்பது கான்ட்டின் முடிவு. காரணம் எளிது. பேர் கெடாது என்று உறுதியான ஒரு நாளில் அவர் என்ன செய்வார்? கான்ட் தரும் சோதனை: நீ செய்யப்போவதை எல்லாருமே விதியாக வைத்துக்கொண்டால் என்ன ஆகும்? கூடுதலாக வந்ததை எல்லாப் பட்டறையும் அமுக்கிக்கொள்ளும் என்றால், ஒரு துண்டுச் சீட்டை நம்பி வெள்ளியைக் கைமாற்ற யார் துணிவார்? நம்பி எடை போடுகிற பழக்கம் உயிரோடு இருந்தால்தான் அமுக்குவதற்கே வழி உண்டு. தான் நிற்கிற கிளையையே வெட்டுகிற விதி அது.

ஆனால் உங்கள் கணவர் அந்தக் கடைக்காரர் இல்லை. கணக்குப் பார்க்கிறவர் நாலு நாள் யோசித்திருப்பார், இவர் அன்றே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். செய்தது ஒரு உயரம், வாய் சொன்ன காரணம் அதைவிடப் பள்ளம். நல்லதைச் சட்டென்று செய்கிற பெரியவர்கள் பலருக்கு இது நடக்கிறது. தொழில் பழகியது போலவே நேர்மையும் கைப்பழக்கமாகிவிடுவதால், காரணம் நாக்கில் நிற்பதில்லை. வீடு கட்டிக் கட்டித்தான் கொத்தனார் ஆகிறோம், நியாயமானதைச் செய்து செய்துதான் நியாயவான் ஆகிறோம் என்று அரிஸ்டாட்டில் சொன்னது இதைத்தான். பிள்ளைகள் இல்லாத நேரத்தில், "நிஜமா எதுக்குங்க அன்னைக்கே குடுத்தீங்க?" என்று அவரைக் கேளுங்கள். வருகிற பதிலை மகனிடம் அவரே சொல்லட்டும்.

பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்து வணிகர்களைப் பற்றி நாலைந்து வரி உண்டு. பழி வருமே என்று அஞ்சினார்கள் என்று தொடங்கி, தம்முடையதையும் பிறருடையதையும் ஒன்றாகவே பார்த்தார்கள் என்று போய், "கொள்வதூஉம் மிகை கொளாது, கொடுப்பதூஉம் குறை கொடாது" என்று முடிக்கிறது. பழிக்கு அஞ்சுவது உங்கள் கணவர் சொன்ன காரணம். இரண்டையும் ஒன்றாகப் பார்ப்பது அதற்கு மேல் உள்ள காரணம். கடைசி வரியின் முதல் பாதி உங்கள் வீட்டுக்கு, மறுபாதி அந்த வியாபாரிக்கு. மகனுக்கு இதைப் படித்துக் காட்டுங்கள், அவன் கேள்வியின் இரண்டு பக்கமும் அதில் இருக்கிறது.

மாமியாரின் பதிலை மறுத்துப் பேச வேண்டாம். சாமி சொன்னதால் ஒன்று நல்லதாகிறதா, நல்லது என்பதால் சாமி சொல்கிறதா என்ற கேள்வியைப் பிளேட்டோ எழுப்பி இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. லாரி நூச்சி என்ற ஆய்வாளர், பக்தியுள்ள கிறித்தவ, யூதக் குடும்பங்களின் பிள்ளைகளிடம், கடவுளே திருடலாம் என்று சொல்லியிருந்தால் திருடுவது சரியாகுமா என்று கேட்டார். பெரும்பாலோர் ஆகாது என்றார்கள். பாட்டியின் வார்த்தைக்கு மேல், "சாமிக்கு ஏன் அது புடிக்காது?" என்று ஒரு கேள்வியைச் சேர்த்தால் போதும்.

உங்கள் வீட்டில் நாலு பேரும் நினைத்துப் பார்க்காத ஒரு ஆள் இருக்கிறார். வியாபாரியிடம் வேலை பார்த்து, அன்று அந்த எடையைப் போட்டவர். இரவு கணக்கு 40 கிராம் இடித்தால் முதலாளி முதலில் அவரைத்தான் பிடிப்பார். கூலியில் பிடிப்பார்களோ, வேலையே போகுமோ. ஆங்கிலேயத் தத்துவ அறிஞர்கள் ஜெரமி பெந்தமும் ஜான் ஸ்டூவர்ட் மில்லும் விளைவை வைத்து நன்மை தீமையை அளக்கச் சொன்னபோது, பாதிக்கப்படும் ஒவ்வொருவரையும் ஒருவராக எண்ண வேண்டும், ஒருவருக்கும் கூட்டிக் குறைத்து எண்ணக்கூடாது என்றார்கள். நம் வீட்டை மட்டும் எண்ணுவது வெறும் சாமர்த்தியம். கோல்பர்க்கின் படிகள் நியாயக் கணக்கையே பார்க்கின்றன, யாருக்கு வலிக்கும் என்ற அக்கறையும் அறத்தின் குரல்தான் என்று உளவியலாளர் கரோல் கில்லிகன் 1982இல் வாதாடினார். உங்கள் மகனை நகர்த்தப்போவது பெரும்பாலும் இந்த எடைக்காரர்தான். "பெரிய வியாபாரி" என்கிற வரை முகமில்லை, எடைக்காரருக்கு முகம் உண்டு.

இனி எப்படிப் பேசுவது. திட்டிய சூட்டிலும், விருந்தாளி இருக்கும்போதும் வேண்டாம். நீங்கள் சலங்கை கோத்துக்கொண்டிருக்கையில் அவன் பக்கத்தில் வந்து உட்காருகிற நேரம் போதும், 15 நிமிடம். முதலில் அவன் வாதத்தை அவனைவிட நன்றாக நீங்கள் சொல்லுங்கள்: "அவங்க மட்டும் ஏமாத்தலாம், நாம மட்டும் ஒழுங்கா இருக்கணுமான்னு கேக்கற, அப்படித்தானே?" அவன் ஆமாம் என்ற பிறகு, அவர்கள் குறைத்தது ஒரு கணக்கு, கூடுதலாக வந்தது வேறு கணக்கு என்று பிரியுங்கள். பிறகு எடைக்காரரைப் பற்றிக் கேளுங்கள். அடுத்து மாற்றிப் போடுங்கள்: "அப்பா கொலுசைத் திருப்பிக் குடுக்கறப்ப தெரியாம 40 கிராம் கூடப் போயிருந்தா, நீ என்ன எதிர்பார்ப்ப?" கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். இதில் அம்மாக்கள் தவறுவது இங்கேதான். இரண்டு நிமிட மௌனம் தாங்காமல் பதிலையும் நாமே சொல்லிவிடுகிறோம், பையனும் தலையாட்டிவிட்டு எழுந்துபோகிறான்.

ஒரேயடியாக உயரத்துக்கும் போகாதீர்கள். தான் நிற்கும் படியைவிட ஒரு படி மேலே உள்ள காரணம் பிள்ளையை இழுக்கும், மூன்று படி மேலே உள்ளது காதில் விழாது. வகுப்பறை விவாதங்களை நடத்திக் கோல்பர்க்கும் மோஷே பிளாட்டும் 1975இல் வெளியிட்ட ஆய்வு இந்த எண்ணத்தில்தான் நின்றது. இரண்டாம் படியில் இருப்பவனிடம் மனித உரிமை பேசுவதைவிட, "அந்த ஆளு உன்னைப் பத்தி என்ன நெனைப்பாரு, அவருக்கு எப்படி இருக்கும்?" என்பது எட்டும். தவறு செய்தால் அடிப்பதையும், "உங்கூடப் பேசமாட்டேன் போ" என்று முகம் திருப்புவதையும்விட, உன்னால் யாருக்கு என்ன ஆனது என்று விளக்குவதே பிள்ளைக்குள் மனசாட்சியாகத் தங்குகிறது என்று உளவியலாளர் மார்ட்டின் ஹாஃப்மன் காட்டினார். முகம் திருப்புவது நம் வீடுகளில் நிறைய. அதில் பிள்ளை கற்றுக்கொள்வது அம்மாவைச் சமாதானப்படுத்துவதை மட்டும்தான்.

பிறகு வாரம் ஒன்று, அவன் சம்பந்தப்படாத கதையாக எடுத்துக்கொள்ளுங்கள். ஏற்காட்டில் காப்பிப் பழம் பறிக்கிறார்கள், கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. குழந்தைக்குக் காய்ச்சல் என்று ஒருத்தி பச்சைக் காயையும் சேர்த்து எடை ஏற்றுகிறாள். கூடப் பறிக்கிறவள் மேஸ்திரியிடம் சொல்லலாமா? இதற்கு உங்களிடமும் முடிந்த பதில் இருக்கக்கூடாது, இருந்தால் அவனுக்குத் தெரிந்துவிடும்.

பேச்சு மட்டும் போதாது. 1920களில் அமெரிக்காவில் ஹார்ட்ஷோர்ன், மே என்ற இரண்டு ஆய்வாளர்கள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளைச் சோதித்தார்கள். ஓரிடத்தில் நேர்மையாக இருந்த பிள்ளை இன்னோரிடத்தில் ஏமாற்றியது. நேர்மையைப் பற்றி நன்றாகப் பேசத் தெரிந்ததால் நேர்மையாக நடந்துவிடவில்லை. சூழ்நிலை அவ்வளவு பெரியது.

எனவே மகனின் மறுபாதிக் கேள்வியை வீட்டில் நிஜமாகவே கையில் எடுங்கள். வெள்ளி வாங்குகிற இடத்திலேயே இரண்டு பக்கத்துக்காரரும் பார்க்க எடை போட்டு, சீட்டில் இருவரும் கையெழுத்துப் போடச் சொல்லிக் கணவர் கேட்கலாம். மின்னணுத் தராசுக்கு ஆண்டுக்கு ஒருமுறை முத்திரை வைக்க வேண்டும் என்பது சட்டம். முதலில் உங்கள் தராசின் முத்திரைத் தேதியைப் பாருங்கள், பிறகு அவர்களுடையதைக் கேளுங்கள். எடை தொடர்ந்து குறைந்தால் தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளரிடம் புகார் தர வழியுண்டு. கூலி வேலைக்காரருக்கு அது எளிதான காரியமில்லை என்பது தெரியும். அந்தக் கஷ்டத்தையும் மகனிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

அடுத்த முறை வெள்ளி வரும்போது பள்ளி விடுமுறை நாளாக இருந்தால் அவனை அப்பாவோடு அனுப்புங்கள். எடையைச் சீட்டில் அவனே எழுதட்டும், எழுதுமுன் எடை போடுகிறவரின் பெயரையும் கேட்டுக்கொள்ளட்டும்.