லாஸ்கோ குகைக்குள் போகலாமா?

கேள்வி: ஜூன் பள்ளி விடுமுறையில் பிள்ளைகளுடன் பிரான்சின் தோர்தோன் வட்டாரத்துக்குப் போகிறோம். ஆதிமனிதர்கள் வரைந்த லாஸ்கோ குகை ஓவியங்களை நேரில் பார்க்க முடியுமா?
– வாசகி, ஈசூன்

பதில்: அசல் குகைக்குள் முடியாது. 1940இல் கண்டுபிடிக்கப்பட்ட அந்தக் குகையில், பார்வையாளர்களின் மூச்சுக்காற்றும் ஈரமும் சேர்ந்து சுவரில் பாசி படர்ந்தது, 1963இல் மூடிவிட்டார்கள். மோந்திஞாக் ஊரில் 2016இல் திறந்த ‘லாஸ்கோ 4’, ஏறக்குறைய முழுக் குகையின் அசல் அளவு நகல். பிள்ளைகளுக்கு அது அருமையாக இருக்கும். உள்ளே குளிரும், ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள்.

அசல் வண்ண ஓவியமே வேண்டுமென்றால் லெசெய்சியில் ஃபோன் த கோம் குகை இருக்கிறது. நாளுக்குச் சிலரைத்தான் விடுவார்கள். நுழைவுச்சீட்டு கையில் இல்லாமல் போகாதீர்கள். போர்தோ நகரிலிருந்து தோர்தோனில் உள்ள சார்லா ஊருக்கு ரயில் உண்டு. அதற்குப் பிறகு வாடகைக் கார்தான் வசதி. சார்லாவில் புதனும் சனியும் காலைச் சந்தை கூடும்.