பாம்பின் சட்டை துண்டு துண்டாக உரிகிறதா? முதலில் மூடியைப் பாருங்கள்

கேள்வி: ஒன்றரை வயது பால் பைத்தான் (ball python, பந்து போலச் சுருளும் சிறிய மலைப்பாம்பு) வளர்க்கிறேன். கண்ணாடித் தொட்டி, மேலே கம்பி வலை மூடி, அதன் மேல் ஹீட் லாம்ப். கடைசி இரண்டு தடவையும் சட்டை துண்டு துண்டாகத்தான் உரிந்தது. ஈரப்பத மீட்டர் 40 சதவீதம் காட்டுகிறது. தினமும் நான்கு முறை தண்ணீர் தெளிக்கிறேன். 80-க்கு ஏறுகிறது, ஒரு மணி நேரத்தில் பழையபடி இறங்கிவிடுகிறது. பாம்பை விற்றவர், தொட்டிக்குள் ஈரப் புகை விடும் பனிப்புகை மெஷின் வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். உங்கள் தொட்டிக்குத் தண்ணீர் போதாமல் இல்லை, விட்ட தண்ணீர் உள்ளே தங்கவில்லை. லாம்ப் காற்றைச் சூடாக்குகிறது. சூடான காற்று மேலே எழுந்து, வலை வழியாக ஈரத்தையும் கூட்டிக்கொண்டு வெளியே போகிறது. அந்த இடத்துக்கு அறையின் வறண்ட காற்று இறங்குகிறது. ஓட்டைப் பானையில் நாலு தடவை ஊற்றினால் என்ன, நாற்பது தடவை ஊற்றினால் என்ன?

அந்த மெஷினைப் பற்றி விற்பவர் சொல்லாததையும் கேளுங்கள். அதன் தண்ணீர்த் தொட்டியை அடிக்கடி கழுவாவிட்டால் கிருமி பெருகும். அந்தக் கிருமியோடுதான் புகை வரும், அதைத்தான் பாம்பு மூச்சில் இழுக்கும். தரையும் சுவரும் நாள் முழுக்க நசநசவென்று இருந்தால் வயிற்றுச் செதில்கள் சிவந்து புண்ணாகும். அப்புறம் அதற்கு ஒரு மருந்தையும் அதே ஆள் விற்பார். சட்டையைக் கழற்றும் ஸ்ப்ரே என்று ஒரு பாட்டில் விற்கிறார்களே, அதுவும் இதே கதைதான்.

மீட்டரையும் இப்போதே நம்ப வேண்டாம். முள் வைத்த வட்ட மீட்டர் என்றால் தூக்கிப் போடுங்கள். என் கையில் வந்தவற்றில் 15 புள்ளி தப்பாகக் காட்டாத முள் மீட்டர் அபூர்வம். ஊர்வனவற்றுக்கானது என்று லேபிள் ஒட்டினால் போதும், அது சரியாக அளக்கிறதா என்று கேட்பார் இல்லை. ஒயரும் சென்சாரும் வைத்த டிஜிட்டல் மீட்டர் வாங்குங்கள். அதையும் வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரு பாட்டில் மூடியில் சமையல் உப்பை எடுத்து, ஈர மணல் மாதிரி ஆகும் வரை சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். கரைந்து ஓடக் கூடாது. மூடியையும் மீட்டரையும் ஒரு ஜிப் கவரில் வைத்துக் காற்றுப் புகாமல் மூடி, ஓர் இரவு விட்டுவிடுங்கள். காலையில் 75 காட்ட வேண்டும். 70 காட்டினால் உங்கள் மீட்டர் 5 குறைத்துக் காட்டுகிறது, அவ்வளவுதான்.

சென்சாரைப் பாம்பு படுக்கும் உயரத்தில், குளிர்ந்த பக்கத்தில் வையுங்கள். லாம்புக்கு அடியில் வைத்துவிட்டுக் குறைவாக இருக்கிறதே என்று பதற வேண்டாம். காற்றில் அதே அளவு ஈரம் இருந்தாலும் 32 டிகிரியில் 50 காட்டும், 26 டிகிரியில் 70 காட்டும். பால் பைத்தானுக்கு 60 முதல் 80 வரை இருக்கலாம். ஒரே எண்ணைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டியதில்லை.

இப்போது செய்ய வேண்டியது. வலை மூடியில் முக்கால்வாசியை அலுமினியத் தாளால் மூடுங்கள். லாம்பைச் சுற்றி மட்டும் தாராளமாக இடம் விடுங்கள், தாள் அதில் படவே கூடாது. ஈரத் துண்டைப் போட்டு மூடச் சொல்பவர்கள் உண்டு. அது சில மணி நேரத்தில் காய்ந்துவிடும், லாம்புக்குப் பக்கத்தில் காய்ந்த துணி ஆபத்து. அடுத்து தரை. காகிதமோ மெல்லிய மரச் சுருளோ போட்டிருந்தால் எடுத்துவிட்டு, தேங்காய் மட்டைத் துண்டுகளை 8 முதல் 10 சென்டிமீட்டர் ஆழத்துக்குப் போடுங்கள். தண்ணீரை மேலே தெளிக்காமல் மூலைகளில் மெதுவாக ஊற்றுங்கள். அடியில் ஈரம் நிற்கும், மேற்பரப்பு காய்ந்திருக்கும். அடியிலிருந்து ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் கை ஈரமாக வேண்டும், சொட்டக் கூடாது. பெரும்பாலான வீடுகளில் இதற்கு மேல் எதுவும் தேவைப்படுவதில்லை.

இதைப் படித்துவிட்டு மணல் போவா வைத்திருப்பவர்கள் தொட்டியை மூடி ஈரமாக்கிவிடப் போகிறார்கள். அதனால் சொல்கிறேன்: கென்யா மணல் போவாவுக்கு இது பொருந்தாது. அது கிழக்கு ஆப்பிரிக்காவின் வறண்ட நிலத்துப் பாம்பு, நாளெல்லாம் மண்ணுக்குள் புதைந்து கிடக்கும். அதன் தொட்டி காய்ந்துதான் இருக்க வேண்டும், வலை மூடியைத் தாளால் மறைக்கவும் வேண்டாம். தொடர்ந்து ஈரத்தில் கிடந்தால் வயிற்றில் கொப்புளம் வரும். அதற்காக அதற்கு ஈரமே வேண்டாம் என்றும் இல்லை. மண்ணைத் தோண்டிப் பாருங்கள், மேலே சுட்டாலும் கீழே கொஞ்சம் ஈரம் இருக்கும். அதனால் சட்டை உரிக்கும் நாட்களில் மட்டும், நனைத்துப் பிழிந்த பாசி (moss) நிரப்பிய சிறிய டப்பா ஒன்றை மூலையில் வையுங்கள். வேண்டுமென்றால் அது நுழையும், வேண்டாமென்றால் வெளியே கிடக்கும். தொட்டி காய்ந்தது, டப்பா மட்டும் ஈரம். வைத்திருப்பது மணல் போவாதானா என்று தெரியாவிட்டால் முதலில் அதைத் தெரிந்துகொள்ளுங்கள். விற்கும்போது கொடுக்கும் காகிதத்தில் விலை இருக்கும், சில சமயம் இனத்தின் பெயரே தப்பாக இருக்கும். எப்படி வளர்ப்பது என்று ஒரு வரி கூட இருக்காது.

இப்போது ஒட்டிக்கொண்டிருக்கும் தோலைப் பிய்க்காதீர்கள். காற்றுத் துளையுள்ள டப்பாவில் வெதுவெதுப்பான ஈரத் துணியை விரித்து, பாம்பை அரை மணி நேரம் விடுங்கள். அப்புறம் ஈரத் துண்டைத் தளர்வாகப் பிடித்து அதன் வழியே ஊர்ந்து போக விட்டால் பெரும்பகுதி கழன்றுவிடும். வால் நுனியில் மோதிரம் போலத் தோல் நிற்கிறதா என்று கவனியுங்கள். அது இறுகினால் ரத்த ஓட்டம் நின்று நுனி கருகும். வாயைத் திறந்து மூச்சு விட்டாலோ, மூக்கில் குமிழி வந்தாலோ ஈரப்பதத்தோடு மல்லுக்கட்டாமல் அன்றே மருத்துவரிடம் போங்கள். பாம்பு பார்க்கத் தெரிந்தவரா என்று போனிலேயே கேட்டுவிடுங்கள். நாய்க்குக் கொடுக்கும் ஊசியை அளவு குறைத்துப் போட்டு அனுப்புகிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

கடைசியாகக் கண். பாம்புக்கு இமை கிடையாது, கண்ணை ஒரு கண்ணாடிச் செதில் மூடியிருக்கும். ஒவ்வொரு தடவையும் அதுவும் சட்டையோடு கழல வேண்டும். அடுத்த முறை உரித்ததும் சட்டையின் தலைப் பகுதியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் சின்ன லென்ஸ் மாதிரி வட்டம் இருந்தால் சரி. வட்டத்துக்குப் பதில் ஓட்டை இருந்தால் அந்தச் செதில் கண்ணிலேயே நின்றுவிட்டது. டேப்பாலோ இடுக்கியாலோ எடுக்கப் பார்க்காதீர்கள், கண்ணே போய்விடும். ஈரத்தைச் சரிசெய்துவிட்டு அடுத்த உரிப்பு வரை காத்திருங்கள். அப்போதும் வரவில்லையென்றால் மருத்துவர் எடுக்கட்டும்.