குட்டி கேபினெட்டில் கேமிங்: வாசகர் கேள்வி பதில்

மானிட்டர் கைவசம் இருக்கிறது. 65,000 ரூபாய்க்குள் மேசை ஓரத்தில் அடங்குகிற கேமிங் கம்ப்யூட்டர் வேண்டும். மினி ஐடிஎக்ஸ் மதர்போர்டுதான் வாங்க வேண்டுமா?
– வாசகர், திண்டுக்கல்

வேண்டாம். மினி ஐடிஎக்ஸ் போர்டு 170 மி.மீ. சதுரம், மைக்ரோ ஏடிஎக்ஸ் அதிகபட்சம் 244 மி.மீ. சதுரம். அந்த ஏழரை சென்டிமீட்டரைக் குறைக்கப் போனால் போர்டு, கேபினெட், எஸ்எஃப்எக்ஸ் என்ற சின்ன அளவு எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் தரும் பெட்டி) என மூன்று இடத்தில் கூடுதல் காசு போகும். அத்தனையும் கொடுத்துக் கிடைப்பது ராமுக்கு இரண்டு ஸ்லாட், கார்டுக்கு ஒரே ஸ்லாட். அந்தப் பணம் கிராபிக்ஸ் கார்டுக்குப் போகட்டும். மொத்தத் தொகையில் மூன்றில் ஒரு பங்காவது அதற்கு ஒதுக்குங்கள்.

வாங்க வேண்டியவை: ரைசன் 5 5600 பிராசசர், பி550 சிப்செட் உள்ள மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டு, டிடிஆர்4 3200 ராம் 8 ஜிபியாக இரண்டு, என்விஎம்இ எஸ்எஸ்டி, நல்ல 550 வாட் எஸ்எம்பிஎஸ். கார்டு ஆர்எக்ஸ் 6600 (132 வாட்). தொகை இடம் கொடுத்தால் ஆர்டிஎக்ஸ் 4060 (115 வாட்). இரண்டிலும் 8 ஜிபி மெமரி. 1080பி திரைக்குத் தாராளம். புது கேம்கள் சிலவற்றில் டெக்ஸ்சரை மட்டும் ஒரு படி இறக்க வேண்டிவரும்.

ராம் விலை ஏறியிருந்தால் 16 ஜிபி ஒற்றைக் குச்சியாக வாங்கி மிச்சம் பிடிக்கத் தோன்றும். செய்யாதீர்கள். இரண்டு குச்சி இருந்தால்தான் டூயல் சேனல், அதாவது இரண்டிலும் ஒரே நேரத்தில் தரவு போய்வரும் வேகம்.

கடையில் “5600ஜி எடுங்க சார், கிராபிக்ஸும் கூடவே வருது” என்பார்கள். தனிக் கார்டு போடுகிறவருக்கு அது நஷ்டம். எல்3 கேஷ் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் வேக மெமரி) 32 எம்பிக்குப் பதில் 16 எம்பி. கார்டுக்கான தரவுப் பாதையும் பிசிஐஇ 4.0 இல்லை, அதைவிட மெதுவான 3.0தான். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: 5600இல் உள்கிராபிக்ஸ் கிடையாது. கார்டு படுத்தால் திரையில் ஒன்றும் வராது.

சின்ன கேபினெட்டில் கார்டு நுழையுமா என்று வாங்கும் முன்பே எப்படித் தெரிந்துகொள்வது?
– வாசகி, நாகர்கோவில்

ஸ்கேலை எடுங்கள். கார்டின் நீளம், கார்டின் தடிமன், கூலரின் உயரம் ஆகிய மூன்றும் கேபினெட் தயாரிப்பாளர் கொடுத்திருக்கும் எல்லைக்குள் வர வேண்டும். ஒரே 4060தான், ஆனால் ஒற்றை ஃபேன் மாடல் 20 செ.மீ.க்குள் முடியும், மூன்று ஃபேன் மாடல் 30 செ.மீ.யைத் தொடும். கேபினெட்டின் முன்பக்கம் ஃபேன் மாட்டினால் நீளத்தில் 25 மி.மீ. கழித்துக்கொள்ளுங்கள். கார்டின் பவர் கேபிள் பக்கவாட்டில் செருகப்படும். அது வளைய 3 செ.மீ. விடாவிட்டால் மூடி சாத்தாது.

5600உடன் பெட்டியிலேயே வரும் கூலர் 54 மி.மீ. உயரம்தான், பெரும்பாலான குட்டி கேபினெட்டில் அடங்கும். “மினி” என்ற பெயரை நம்பாதீர்கள். நீளம், அகலம், உயரத்தை செ.மீ.யில் பெருக்கி 1000ஆல் வகுத்தால் லிட்டர் கணக்கு கிடைக்கும். ஐடிஎக்ஸ் கேபினெட்டுகளில் பெயர்பெற்ற கூலர் மாஸ்டர் என்ஆர்200 சுமார் 18 லிட்டர்; அதற்குள் 33 செ.மீ. கார்டே போகும், எஸ்எம்பிஎஸ் மட்டும் எஸ்எஃப்எக்ஸ் அளவில் வேண்டும்.

ஆபீஸில் கழித்த டெல் ஆப்டிபிளெக்ஸ் சின்ன மாடல் மலிவாகக் கிடைக்கிறது. கார்டு போட்டு கேம் ஆடலாமா?
– வாசகர், ஈரோடு

ஆடலாம், மாடலைப் பார்த்து வாங்கினால். “மைக்ரோ” வேண்டாம், கார்டு செருக அதில் இடமே இல்லை. அதைவிடச் சற்றுப் பெரிய எஸ்எஃப்எஃப் மாடல் எடுங்கள். இன்டெல் 8ஆம் தலைமுறைக்குக் கீழே போகாதீர்கள்: ஐ5-7500இல் நான்கு கோர், ஐ5-8500இல் ஆறு, விண்டோஸ் 11 ஆதரவும் 8இலிருந்துதான். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபரிலேயே முடிந்துவிட்டது.

இதன் எஸ்எம்பிஎஸ்ஸில் கார்டுக்கான தனி பவர் கேபிள் கிடையாது. ஸ்லாட் தருகிற 75 வாட்டுக்குள் ஓடும் லோ புரொஃபைல் (உயரம் குறைந்த) கார்டு மட்டுமே பொருந்தும். முதல் தேர்வு ஆர்டிஎக்ஸ் 3050இன் 6 ஜிபி மாடல், 70 வாட். 8 ஜிபி 3050 வேறு கார்டு, அது தனி பவர் கேட்கும். பில் போடும் முன் உறுதி செய்யுங்கள். ஆர்எக்ஸ் 6400 விலை குறைவுதான். ஆனால் அதற்குத் தரவு போக நான்கே லேன் (தடம்), இந்த போர்டிலோ பிசிஐஇ 3.0, இரண்டும் சேர்ந்து வேகத்தைக் கடிக்கும். ஆட்டத்தைப் பதிவு செய்ய வேண்டிய வீடியோ என்கோடரும் அதில் இல்லை.

கார்டைக் கேபினெட்டில் பொருத்தும் குட்டை பிராக்கெட் கார்டின் பெட்டியில் இருக்கிறதா, ஸ்லாட்டுக்குப் பக்கத்தில் இரண்டு ஸ்லாட் தடிமனுக்கு இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். சில மாடல்களில் எஸ்எம்பிஎஸ் இடிக்கும்.

எல்லாம் புதிதாக வாங்கிப் பூட்டியும் கேம் திக்கித் திக்கி ஓடுகிறது. பிராசசர் 88 டிகிரி காட்டுகிறது.
– வாசகர், வேலூர்

மானிட்டர் கேபிள் மதர்போர்டில் செருகியிருக்கிறதா? கார்டில் செருகுங்கள். உள்கிராபிக்ஸ் உள்ள பிராசசரில் படம் இரண்டு வழியிலும் வருவதால் இந்தத் தப்பு கண்ணுக்குத் தெரியாது. பிறகு பயாஸில் (கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் திறக்கும் மதர்போர்டு அமைப்புப் பக்கம்) எக்ஸ்எம்பி, அதாவது ராமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் அமைப்பு. அதை ஆன் செய்யாவிட்டால் 3200 ராம் 2133லோ 2400லோதான் ஓடும். நான்கு ஸ்லாட் போர்டில் இரண்டு குச்சியும் பிராசசரிலிருந்து எண்ணினால் 2, 4ஆம் ஸ்லாட்டில் இருக்க வேண்டும்.

சூட்டுக்கு, கூலரின் அடியில் உள்ள பிளாஸ்டிக் உறையை உரித்தீர்களா என்று முதலில் பாருங்கள். சிரிக்க வேண்டாம், அடிக்கடி நடக்கிறது. அது சரியென்றால் மூடியைக் கழற்றி ஓட்டுங்கள். பத்து டிகிரி இறங்கினால் குறை காற்றோட்டத்தில்: பின்னால் ஒரு ஃபேன் வெளியே தள்ளவும், முன்னாலோ கீழேயோ ஒன்று உள்ளே இழுக்கவும் வேண்டும். இறங்காவிட்டால் தெர்மல் பேஸ்டைத் துடைத்துவிட்டுப் பட்டாணி அளவு புதிதாக வைத்து, கூலர் ஸ்க்ரூக்களைக் குறுக்கு மறுக்காக இறுக்குங்கள்.