ஈரச் சுவரும் காய்ந்த சுவரும்

கேள்வி: இத்தாலியின் பதுவை நகரில் ஓவியர் ஜோத்தோ சுவரில் தீட்டிய ‘லாசர் உயிர்பெறும்’ காட்சி 700 ஆண்டு தாண்டியும் தெளிவாக இருக்கிறது. பல தலைமுறை பிந்திய லியொனார்தோவின் ‘கடைசி இராவுணவு’ மட்டும் ஏன் உதிர்ந்தது? (வாசகர், தூத்துக்குடி)

பதில்: ஜோத்தோ ஈரச் சுவரில் வரைந்தார், லியொனார்தோ காய்ந்த சுவரில் வரைந்தார். அதுதான் காரணம்.

ஈரச் சுவர் முறையில் முதலில் சொரசொரப்பான அடிப்பூச்சு. நீற்றிய சுண்ணாம்பு ஒரு பங்குக்கு மணல் இரண்டு பங்கு போடுவது வழக்கம். அது காய்ந்தபின் செங்காவியால் கோட்டோவியம். அதன்மேல் சில மில்லிமீட்டர் கனத்தில் நைசான சாந்து, அன்றைக்கு வரைந்து முடிக்கக்கூடிய அளவுக்கு மட்டும். வண்ணப்பொடியை வெறும் தண்ணீரில் குழைப்பார்கள், பசை கிடையாது. சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துத் திரும்பக் கல்லாகும்போது வண்ணமும் அதற்குள் சிக்கிக்கொள்கிறது. அவசரப்பட்டால் தூரிகையோடு மணலும் கிளம்பி வரும். தாமதித்தால் வண்ணம் பிடிக்காமல் பொடியாக உதிரும். தவறு நேர்ந்தால் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு மறுபடி பூச வேண்டும்.

இந்த அவசரம் லியொனார்தோவுக்கு ஒத்துவரவில்லை. நிறுத்தி நிதானமாக, அடுக்கடுக்காக வண்ணம் ஏற்றித் திருத்துகிறவர் அவர். ஆகவே மிலான் மடத்து உணவறைச் சுவரில் காய்ந்த பூச்சின்மேல் பசை கலந்த வண்ணத்தால் தீட்டினார். வேலை 1498 வாக்கில் முடிந்தது. சுவரில் ஈரக்கசிவு இருந்ததால் வண்ணப்படலம் செதில் செதிலாகப் பெயர்ந்தது. அவர் உயிரோடிருந்த 1517-லேயே ஓவியம் கெடத் தொடங்கியதைப் பார்த்தவர் எழுதிவைத்திருக்கிறார். 1652-ல் சுவரில் வாசல் இடித்தபோது இயேசுவின் பாதங்களும் போயின. அந்த இழப்புக்குச் சமாதானமே கிடையாது. இருபது ஆண்டுக்கு மேல் நடந்த சீரமைப்பு 1999-ல் முடிந்தது.

கேள்வி: அப்படியானால் பதுவையிலும் மாதாவின் நீல உடை ஏன் திட்டுத்திட்டாக இருக்கிறது? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: செம்புக் கனிமமான அசுரைட் நீலம் ஈரச் சுண்ணாம்போடு ஒத்துப்போகாது. சுவர் காய்ந்தபின் பசையோடு பூசுவார்கள். பசை செத்ததும் நீலம் உதிர்ந்துவிடும். சுவரோவியத்தில் ஈய வெள்ளையும் ஆபத்துதான். இத்தாலியின் அசிசி நகரில் ஓவியர் சிமாபுவே வரைந்த சிலுவைக் காட்சியில் வெள்ளை கறுத்துப்போய், படம் புகைப்பட நெகட்டிவ் போலத் தெரிகிறது. சுண்ணாம்பையே வெள்ளையாகப் பயன்படுத்தியிருந்தால் அது கறுத்திருக்காது.

கேள்வி: ஒரு நாள் வேலை எங்கே முடிந்தது என்று கண்டுபிடிக்க முடியுமா? (வாசகர், திருச்சி)

பதில்: முடியும். சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் வெளிச்சம் விழும்படி பாருங்கள். உருவங்களின் ஓரமாகவே மெல்லிய விளிம்பு ஓடும். வரையாமல் மிஞ்சிய சாந்தை அங்கே கொத்துக்கரண்டியால் சாய்வாக வெட்டி எடுத்திருப்பார்கள். மறுநாள் பூச்சு முந்தைய நாள் விளிம்பின்மேல் சற்றே ஏறியிருக்கும், அதை வைத்து வரிசையும் தெரியும். சாந்தும் வண்ணமும் முடித்த பகுதியில் ஒழுகக்கூடாது என்பதால் பெரும்பாலும் மேலிருந்து கீழாக வருவார்கள். வானம் போன்ற வெற்றிடம் ஒரே நாளில் பெரிதாக முடியும். ஒரு முகத்துக்கே ஒரு நாள் போவதும் உண்டு.