வேறு நாட்டு மாடலின் சஸ்பென்ஷன் பொருந்துமா?

கேள்வி: என் ஸ்போர்ட்ஸ் கார் ஜப்பானில் விற்ற மாடல். அதே காரின் ஐரோப்பிய மாடலுக்கான காயில்ஓவர் செட்டை (ஷாக் அப்சார்பரைச் சுற்றியே ஸ்பிரிங் அமைந்த சஸ்பென்ஷன்) போடலாமா? முன்பக்கம் 8 கிலோ ஸ்பிரிங்காம். ரொம்ப இறுக்கமாக இருக்குமா?

பதில்: மாடல் பெயரை நம்பி வாங்காதீர்கள். சேசிஸ் எண்ணைக் கொடுத்து, இரு மாடல்களின் ஷாக் அப்சார்பர் பாக எண்ணையும் ஒப்பிடுங்கள். ஸ்டெபிலைசர் லிங்க் (கார் சாய்வதைக் குறைக்கும் கம்பியை இணைக்கும் பாகம்) மாட்டும் இடம், எலக்ட்ரானிக் டேம்பர் (மின்னணுக் கட்டுப்பாட்டு ஷாக் அப்சார்பர்) கனெக்டர் இரண்டையும் கட்டாயம் பாருங்கள்.

8 கிலோ என்பது ஸ்பிரிங்கை ஒரு மில்லிமீட்டர் அமுக்கத் தேவையான விசை. சுமார் 78 நியூட்டன், அதாவது அங்குலத்துக்கு 448 பவுண்டு. ஆனால் மோஷன் ரேஷியோ (சக்கரம் நகரும் தூரத்தில் ஸ்பிரிங் அமுங்கும் பங்கு) 0.7 என்றால் சக்கரத்தில் அந்த இறுக்கத்தில் பாதிதான் தெரியும். எண்ணை மட்டும் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

பொருத்தும்போது, ஆர்ம் புஷ் (சஸ்பென்ஷன் கைகளின் மூட்டில் உள்ள ரப்பர்) போல்ட்டுகளைக் கார் சக்கரத்தில் நிற்கும்போதுதான் கடைசியாக முறுக்க வேண்டும். சக்கரங்களைத் தொங்கவிட்டு முறுக்கினால் ரப்பர் திருகிச் சீக்கிரம் கிழியும். பிறகு வீல் அலைன்மென்ட்.