சட்டம் கேளுங்கள்: செக்யூரிட்டி கை நீட்டினால் யார் பொறுப்பு?

கேள்வி (வாசகி, தேவகோட்டை): என் அண்ணன் மகனுக்கு 19 வயது. காரைக்குடியில் ஒரு பெரிய வீட்டுக் கல்யாணத்துக்குப் பந்தி பரிமாறப் போனான். விருந்தினர் ஒருவரின் செல்போனைக் காணவில்லை என்றதும், தனியார் செக்யூரிட்டி இருவர் அவனை இரண்டாங்கட்டில் உள்ள பாத்திர அறையில் போட்டுப் பூட்டி லத்தியால் அடித்திருக்கிறார்கள். இரவு சமுக்காளத்தை மடிக்கும்போது போன் அதற்குள்ளிருந்து விழுந்தது. பையனுக்கு மணிக்கட்டு எலும்பில் விரிசல். வீட்டுக்காரர், “ஏஜென்சி ஆட்கள், எனக்குத் தெரியாது” என்கிறார். ஏஜென்சியோ, “அவர்களை அன்றைக்கே நிறுத்திவிட்டோம்” என்கிறது. யார்மேல் புகார் கொடுப்பது?

பதில்: தனியார் பாதுகாவலருக்குச் சட்டம் கொடுத்திருக்கும் கைது அதிகாரம், உங்களுக்கும் எனக்கும் உள்ளதைவிட இம்மியும் கூடுதலானதன்று. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 40-ஆம் பிரிவுப்படி, பிணையில் விட முடியாததும் பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்கதுமான குற்றத்தைத் தன் கண்முன்னே செய்தவரையே ஒரு தனிநபர் பிடித்து வைக்கலாம். அப்போதும் தாமதமின்றி, எப்படியும் ஆறு மணி நேரத்துக்குள், காவல்துறையிடம் ஒப்படைத்தாக வேண்டும். (தேடப்படும் குற்றவாளி என்று அறிவிக்கப்பட்டவரையும் பிடிக்கலாம், அது இங்கே பொருந்தாது.) சந்தேகத்தின்பேரில் ஒருவரைப் பூட்டி வைப்பதற்கு அந்தப் பிரிவில் இடமே இல்லை. பையன் உண்மையிலேயே போனை எடுத்திருந்தாலும், அவனை அடிக்கும் உரிமை யாருக்கும் வந்திருக்காது. பட்டுச் சட்டையோடு வந்த விருந்தாளிப் பிள்ளைமேல் சந்தேகம் வந்திருந்தால் அந்த லத்தி எழுந்திருக்குமா என்ற கேள்வியையும் இங்கே கேட்காமல் இருக்க முடியவில்லை.

முதலில் அரசு மருத்துவமனையின் ஏ.ஆர். காப்பியும் (காயத்தைப் பதியும் விபத்துப் பதிவேட்டின் நகல்) எக்ஸ்ரேயும் கையில் இருக்கட்டும். வெறும் சிராய்ப்பு என்றால் பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 115(2)-ஆம் பிரிவோடு, அதாவது அதிகபட்சம் ஓராண்டுத் தண்டனையோடு, விஷயம் நின்றுவிடும். எலும்பு முறிவு சட்டப்படி கொடுங்காயம் ஆகும்; 117(2)-இன்படி ஏழாண்டு வரை சிறைத்தண்டனைக்கு வழியுண்டு. பூட்டி வைத்ததற்கு 127(2) தனியே சேரும். காவல் நிலையத்தில் சி.எஸ்.ஆர். ரசீதை (புகாரைப் பெற்றதற்கான ஒப்புகைச் சீட்டு மட்டும்) கொடுத்துச் சமாதானம் பேசி அனுப்பப் பார்த்தால், முதல் தகவல் அறிக்கை வேண்டும் என்று எழுத்துமூலம் கேளுங்கள். மறுத்தால் சிவகங்கை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் நீதித்துறை நடுவரிடம் போகலாம். கல்யாண வீடியோவையும் வீட்டிலுள்ள கேமராப் பதிவையும் அழிக்காமல் வைக்கும்படி இன்றே ஒரு வக்கீல் நோட்டீஸ் போய்விட வேண்டும், ஏனெனில் கேமராப் பதிவுகள் பெரும்பாலும் சில வாரங்களில் தாமாகவே மேலெழுதப்பட்டுவிடும்.

இனி ஏஜென்சி. ஆளை நிறுத்திவிட்டதால் அதன் பொறுப்பு தீர்ந்துவிடாது. வேலை நேரத்தில், வேலையின் பேரில் ஊழியர் செய்த தீங்குக்கு அமர்த்தியவரே நஷ்டஈடு தர வேண்டும் என்பது நிலைபெற்ற சட்டம். ஆள் யாரென்று தெரியாது என்றும் அவர்களால் சொல்ல முடியாது; 2005-ஆம் ஆண்டின் தனியார் பாதுகாப்பு முகமைகள் (ஒழுங்குமுறை) சட்டத்தின் 15-ஆம் பிரிவு, ஒவ்வொரு பாதுகாவலரின் பெயர், முகவரி, புகைப்படம், சம்பளம் ஆகியவற்றையும், யாருக்கு ஆள் அனுப்பப்பட்டது என்பதையும் பதிவேட்டில் வைக்கச் சொல்கிறது. உரிமத்தை இடைநிறுத்தவோ ரத்து செய்யவோ அதிகாரமுள்ள மாநிலக் கட்டுப்பாட்டு அதிகாரிக்குத் தனியே ஒரு புகார் அனுப்புங்கள். வீட்டுக்காரரைப் பொறுத்தவரை, அவர் சொல்லியோ அவர் கண்ணெதிரிலோ பூட்டினார்கள் என்று காட்ட முடிந்தால் அவரும் தப்ப முடியாது. சட்டவிரோதமாக அடைத்து வைத்ததற்கான நஷ்டஈட்டு வழக்கை ஓராண்டுக்குள் போட்டுவிட வேண்டும்; பேச்சுவார்த்தை என்று நாள் கடத்துவார்கள், ஜாக்கிரதை. வக்கீலுக்குப் பணமில்லை என்றால் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை 15100 என்ற எண்ணில் அழையுங்கள்.

கேள்வி (வாசகர், காரைக்குடி): நானே ஒரு துணிக்கடையில் செக்யூரிட்டியாக இருக்கிறேன். “திருடன் மாட்டினால் இரண்டு போடு போட்டுவிட்டு அப்புறம் கூப்பிடு” என்கிறார் சூப்பர்வைசர். கேஸ் வந்தால் அவர் நிற்பாரா?

பதில்: நிற்க மாட்டார். மேலே உள்ள கடிதத்தைப் பாருங்கள், முதலில் கழற்றிவிடப்பட்டவர்கள் உங்களைப் போன்றவர்கள்தாம். மேலாளர் சொன்னார் என்பது நீதிமன்றத்தில் எதிர்வாதம் ஆகாது. ஒருவர் உங்களைத் தாக்க வந்தால் தடுக்கலாம், தள்ளலாம். தற்காப்புக்குத் தேவையானதைவிடக் கூடுதலாகச் செய்யும் ஒவ்வோர் அடியும் உங்கள் கணக்கில்தான் ஏறும். இன்னொன்று: 2006-ஆம் ஆண்டின் மத்திய மாதிரி விதிகள் புதிய பாதுகாவலருக்கு 100 மணி நேர வகுப்பும் 60 மணி நேரக் களப்பயிற்சியும் வேண்டும் என்றன. உங்களுக்கு அதில் எத்தனை மணி நேரம் கிடைத்தது? சட்டையையும் விசிலையும் கொடுத்து மறுநாளே வாசலில் நிறுத்தியிருந்தால், அந்தக் குறையை இப்போதே எழுதிக் கேளுங்கள். சீருடை போலீஸ் உடுப்பைப் போல இருந்தால் அணிந்த உங்களுக்கும் ஏஜென்சி உரிமையாளருக்கும் மேலே சொன்ன 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21-ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறையோ அபராதமோ உண்டு என்பதையும் சூப்பர்வைசருக்கு நினைவூட்டலாம்.

கேள்வி (வாசகர், சென்னை, சொந்த ஊர் கானாடுகாத்தான்): பூட்டிக் கிடக்கும் எங்கள் வளவு வீட்டில் தேக்குக் கதவுகளும் பழைய பாத்திரங்களும் இருக்கின்றன. ஊர்க்காரர் ஒருவரைக் காவலுக்கு வைக்கப் போகிறேன். திருடனைக் கட்டிவைத்து அடித்துவிட்டால் நான் மாட்டுவேனா?

பதில்: நஷ்டஈட்டு வழக்கில் மாட்டுவீர்கள். நேரடியாகச் சம்பளத்துக்கு வைக்கும் காவற்காரர் உங்கள் ஊழியர். இடையில் ஏஜென்சி என்ற சுவர்கூட இல்லை. வீடு புகுந்து திருடுவது பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க, பிணையில் விட முடியாத குற்றம் என்பதால், நேரில் கண்டால் அவர் பிடித்து வைக்கலாம். தூணில் கட்டி அடித்தால் அது வேறொரு வழக்கு. அவர் வேலைக்குச் சேரும் நாளிலேயே 112-ஐ அழைக்க வேண்டும், கைகலப்பு கூடாது என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டு, ஒரு பிரதியை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள்.