வாசகர் கேள்வி பதில்: ஜன்னல் கிரில் நிழலும் காமா கதிரும்

சார், விண்வெளியில ரொம்ப தூரத்துல நடக்கற ராட்சச வெடிப்பான காமா கதிர் வெடிப்பு சில செகண்ட்ல முடிஞ்சிடுதாம், அந்தக் கதிரை லென்ஸ் வச்சுப் பிடிக்கவும் முடியாதாம். அப்புறம் வானத்துல எந்த இடத்துல வெடிச்சதுன்னு சேட்டிலைட்டுக்கு எப்படித் தெரியுது? — வாசகி, பெரம்பூர்

நிழலை வச்சுத்தாம்மா. காலையில உங்க வீட்டு ஜன்னல் கிரில்லோட நிழல் தரையில விழும் பாருங்க, ஏழு மணிக்கு எதிர்ச் சுவர் வரைக்கும் நீண்டு கிடக்கும், பத்து மணிக்கு ஜன்னலுக்குக் கிட்டயே ஒதுங்கிடும், நீங்க சூரியனை எட்டிப் பார்க்கவே வேணாம், நிழல் எங்க விழுந்திருக்குன்னு பார்த்தாலே வெயில் எந்தப் பக்கம் இருந்து வருதுன்னு சொல்லிடலாம். 2004 நவம்பர்ல நாசா அனுப்பின ஸ்விஃப்ட் சேட்டிலைட் செய்யறதும் இதேதான். கிரில்லுக்கு பதிலா சுமார் 52,000 ஈயத் துண்டு, ஒவ்வொண்ணும் 5 மில்லிமீட்டர் சதுரம், அதுக்கு 1 மீட்டர் கீழே 32,768 குட்டி டிடெக்டர். வெடிப்பு நடந்ததும் ஈயம் மறைச்ச டிடெக்டர்ல காமா கதிர் கம்மியா விழும், மறைக்காததுல ஜாஸ்தியா விழும், அந்த நிழல் எவ்வளவு நகர்ந்திருக்குன்னு கணக்குப் போட்டா திசை வந்துடும்.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம், அந்த ஈயத் துண்டுங்களை வேணும்னே ஒழுங்கில்லாம அடுக்கியிருக்காங்க. சம இடைவெளி விட்ட கம்பி கிரில்லா இருந்தா, நிழல் ஒரு கம்பி தள்ளிப் போனாலும் பார்க்க அதே மாதிரிதானே இருக்கும், எந்தத் திசைன்னு குழம்பிடும். தாறுமாறா இருந்தா ஒவ்வொரு திசைக்கும் ஒரு தனி நிழல்.

இப்படி சில செகண்ட்லயே பௌர்ணமி நிலா அகலத்துல சுமார் பத்துல ஒரு பங்கு அளவுக்கு இடத்தைச் சுருக்கிடுது. உடனே சேட்டிலைட் தானே திரும்பி, ஒன்றரை நிமிஷத்துக்குள்ள எக்ஸ்ரே டெலஸ்கோப்பை அந்தப் பக்கம் காட்டும். ஏன் இந்த அவசரம்னா, வெடிப்பு அடங்கினாலும் பின்னொளி கொஞ்ச நேரம் மங்கிக்கிட்டே இருக்கும், அதைப் பிடிச்சாத்தான் எவ்வளவு தூரம்னே தெரியும். 1967ல அணுகுண்டு சோதனையை வேவு பார்க்கப் போன அமெரிக்காவோட வேலா சேட்டிலைட்டுங்க தற்செயலா முதல் வெடிப்பைப் பார்த்துச்சு, ஆனா முதல் பின்னொளி கிடைச்சது 1997 பிப்ரவரியிலதான், பெப்போசாக்ஸ் சேட்டிலைட் மூலமா. நடுவுல முப்பது வருஷம், இது நம்ம கேலக்ஸிக்கு உள்ள நடக்குதா வெளிய நடக்குதான்னே முடிவாகல.

இந்தியா இதுல ஏதாவது பண்ணுதா? — கல்லூரி மாணவர், தாம்பரம்

நல்லாவே பண்ணுது தம்பி. 2015 செப்டம்பர் 28 அன்னிக்கு ஸ்ரீஹரிகோட்டாவுல இருந்து போன ஆஸ்ட்ரோசாட் சேட்டிலைட்ல ஒரு கருவி இருக்கு, அதுலயும் இதே மாதிரி நிழல் விழவைக்கற மாஸ்க் உண்டு. ஆனா எனர்ஜி ஜாஸ்தியான கதிருக்கு அந்தக் கருவியோட சுவரே ஜன்னல் கண்ணாடி மாதிரி ஆயிடுது, பக்கவாட்டுல வர்ற வெடிப்பும் மாட்டிக்கும். 2023 நவம்பர்ல 600ஆவது வெடிப்பைப் பிடிச்சது.

பக்கவாட்டுல வந்தா இடத்தைத் துல்லியமா சொல்றது கஷ்டம்தான், அதுக்கு வேற வழி இருக்கு. தீபாவளிக்கு எங்கயோ ஒரு பெரிய வெடி வெடிக்குது, நீங்க தாம்பரத்துல கேட்ட நேரமும் உங்க ஃப்ரெண்டு குரோம்பேட்டையில கேட்ட நேரமும் சில செகண்ட் வித்தியாசப்படும் இல்லையா, அதே கணக்கு. பூமிக்குப் பக்கத்துல ஒரு சேட்டிலைட், செவ்வாய்க்கிட்ட ஒண்ணு, ரெண்டுக்கும் நடுவுல வர்ற நேர வித்தியாசம் வானத்துல ஒரு வளையத்தைக் கொடுக்கும். மூணாவது சேட்டிலைட் இன்னொரு வளையம் கொடுக்கும், ரெண்டும் வெட்டிக்கிற இடத்துலதான் தேடணும்.

மொட்டை மாடியில நின்னா கண்ணால பார்க்க முடியுமா? — வாசகர், மடிப்பாக்கம்

காமா கதிரைப் பார்க்க முடியாது, காத்து மண்டலமே அதைத் தடுத்துடும். ஆனா வெடிப்போட சேர்ந்து சாதாரண வெளிச்சமும் வரும். 2008 மார்ச் 19 அன்னிக்கு ஸ்விஃப்ட் பிடிச்ச ஒரு வெடிப்போட வெளிச்சம், நல்ல இருட்டான இடத்துல இருந்திருந்தா வெறும் கண்ணுக்கே சுமார் அரை நிமிஷம் தெரிஞ்சிருக்கும், அதுவும் 750 கோடி வருஷம் பயணம் பண்ணி வந்த வெளிச்சம், பூமியே உருவாகாத காலத்துல கிளம்பினது. நம்ம ஊர்ல அப்போ மணி பகல் 11:42.